பலாமரத்துத் திருப்பம்

நவம்பர் 14, வியாழன்

மங்கை ஒரு டைரி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் வங்கியில் மிஞ்சியது. வருஷம் முடியப்போகிற நேரத்தில் கிடைத்ததால் முன்பக்கமெல்லாம் வெள்ளையாகவே கிடக்கிறது. "வலி எப்ப வருது, மாத்திரை எப்ப போட்டே, எல்லாத்தையும் எழுதி வைம்மா. லீவு நாள்ல வர்றப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள். முப்பது வருஷம் இந்த மலையில் கிராம நர்ஸாக இருந்தவளுக்கு, வலியை எப்படிக் குறிப்பது என்று பெற்ற மகள் பாடம் எடுக்கிறாள்.

சரி, எழுதுகிறேன். இடது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் தரையில் ஊன்றக் கூடாது. நேற்றுதான் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உயிர் போய் வந்தது.

போன புதன்கிழமை எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்பாதையில் வண்டி சாய்ந்தது. கால் சிக்கியது. அவ்வளவுதான்.

வண்டி என்றால் காரோ ஜீப்போ இல்லை. ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் சுற்றுலா வருகிறவர்கள் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்த நாலு சக்கர பைக். ஏடிவி என்பார்கள். உருளையான டயர், ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில்பார். அவர்கள் விற்றபோது என் வீட்டுக்காரர் வாங்கினார். எழுபது வயசில் பொன்னுரங்கத்துக்கு இது என்ன விளையாட்டு என்று தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்களிடம் காப்பி பறிக்கிற காவேரி அதற்குத் தவக்களை வண்டி என்று பெயர் வைத்தாள்.

வலி: உண்டு. மாத்திரை: போட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மங்கை நேற்றிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் காப்பி குடிக்கும்போது மறுபடி ஆரம்பித்தாள்.

"எழுபது வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேல? உங்களுக்குப் பின்னாடி உக்காந்த பாவத்துக்கு அம்மா கால் போச்சு. ஜீப் ஓட்டி ஓட்டி, மலையே நம்மளதுன்னு ஒரு திமிரு."

"ஆமா, திமிருதான்" என்றார். டம்ளரைக் கீழே வைக்கும் முன் மேஜை விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை வருத்தமாக்கூடச் சொல்ல மாட்டேங்கறாரும்மா."

"விடுடி. நடந்தது நடந்துபோச்சு" என்றேன்.

"நீ எப்பவும் அவருக்குத்தான் பரிஞ்சு பேசுவே" என்று எனக்கும் ஒன்று கிடைத்தது. அவள் கோபப்படுவதில் தப்பில்லை. வார விடுமுறை முழுக்க மலை ஏறி வந்து எனக்குப் பீத்துணி அலசுகிறாள். ஆனால் அடுத்தவர் வாங்குகிற திட்டைப் படுத்துக்கொண்டே கேட்பது காலைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதியிருக்க வேண்டாம்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. ஜன்னல் வழியாகக் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பழம் சிவந்துவிட்டது, ஆள் பற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த எலும்பு டாக்டர் கேட்டது நினைப்பு வந்தது. சின்னப் பையன் மாதிரி இருப்பார், கை மட்டும் கெட்டி. "வண்டிய ஓட்டுனது யாரு?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "நான்தான்" என்றார் இவர். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்த வண்டியில அடிபட்டு மாசத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. பாதிப் பேர் அறுபது தாண்டினவங்க. ரிசார்ட்டுக்கு வந்தமா, சும்மா இருந்தமான்னு இருக்க மாட்டாங்க. வாழ்க்கை பூரா டூவீலர் ஓட்டுன பழக்கம், வண்டி சாஞ்சதும் காலை ஊனுவாங்க. இது என்ன ஸ்கூட்டரா, கால்ல தாங்கறதுக்கு? பின்சக்கரம் மேல ஏறிடும். பின்னாடி உக்காந்தவங்களுக்கு இப்படி ஆகி நான் பாக்கல" என்றார்.

"எங்களுக்கு ஆயிருச்சு, என்ன பண்றது" என்றேன். டாக்டர் மேலே கேட்கவில்லை. வெளியில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

நவம்பர் 20, புதன்

வலி. மழை. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 25, திங்கள்

என் கட்டிலை ஹாலில் போடுவதற்காக, ஸ்டூலை எடுத்துக் குளியலறை வாசல் பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மங்கை. அவர் காலையிலும் அதில் இடித்துக்கொண்டார், மத்தியானமும் இடித்துக்கொண்டார். "ஸ்டூலுக்குக் கால் மொளச்சிருச்சு" என்றார். காவேரியைக் கூப்பிட்டு அதைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னேன்.

வார நாட்களில் என்னைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நேராகப் பார்த்தபடி மெதுவாக நடந்து வந்து பெட்பேனை வைப்பார், அதே மாதிரி எடுத்துப் போவார், ஒரு சொட்டுச் சிந்தாது. கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குக் காப்பி போட்டுத் தராத மனுஷன். தலை பின்னிவிடட்டுமா என்று நேற்றுக் கேட்டார். பின்னியும் விட்டார். காவேரி பார்த்துவிட்டு, "யாரு நர்சம்மா, கண்ண மூடிட்டுப் பின்னினது" என்றாள். நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை. பாவம், அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

காவேரி என் கால்மாட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நர்சம்மா, உங்க மக ஐயாவ இந்த வையி வையுது. நான் ஒரு வார்த்த சொல்லிப்போடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே?"

"மரத்துல ஏணி போட்டு மொளகுக்கொடி கட்றவ நானு. மேல இருந்து பாத்தா தோட்டம் பூராத் தெரியும். பலாமரத்தடியும் தெரியும்."

"தெரிஞ்சதையெல்லாம் சொல்லணும்னு இல்ல."

"அதான் சொல்லல" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

மங்கை முடிவு சொல்லிவிட்டாள். இந்த அறுவடை முடிந்ததும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாங்கள் சேலத்துக்கு அவள் வீட்டோடு வந்துவிட வேண்டும். இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. வண்டியைப் பொங்கலுக்குள் விற்றுவிட வேண்டும்.

"நான் வரல" என்றார் அவர்.

"அப்ப அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போறேன். நீங்க இங்க தனியா வண்டி ஓட்டிட்டு இருங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வாசற்படி மூன்றையும் பார்க்காமலே இறங்குவார். நாற்பது வருஷமாக இறங்குகிற படி. இந்த வீட்டில் எந்த ஆணி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புது இடம் அவருக்குச் சரிப்படாது என்று மங்கையிடம் சொன்னேன். "எல்லாம் ஒரு மாசத்துல பழகிடும்மா" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்ல? மாத்திரை போட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

துணி காயவில்லை என்று காவேரி ஹாலின் குறுக்கே கயிறு கட்டினாள். அவர் உள்ளே வந்தவர் கயிற்றில் கை பட்டதும், "அவுத்துடு. வீட்டுக்குள்ள கயிறு கட்டாத" என்று சத்தம் போட்டார். அவர் வேலைக்காரர்களிடம் சத்தம் போடுகிறவர் இல்லை. காவேரி அவிழ்த்தாள்.

எனக்குப் புரிந்தது. என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது மூத்த மகன் வீட்டில் இருந்தார். கட்டில் காலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போவார், வருவார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பற்றி, அங்கே இல்லாத ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள். நாங்கள் பார்க்கப் போனால் இவர் அந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே வரமாட்டார். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்புவார்.

டிசம்பர் 11, புதன்

காப்பிப் பழம் பாதி பறித்தாயிற்று. களத்தில் காய்கிறது. நான் ஜன்னலில் இருந்தே காவல்.

டிசம்பர் 18, புதன்

எலும்பு சேர்ந்துவிட்டது. வாக்கர் பிடித்து ஊன்றலாம் என்றார் டாக்டர். மங்கையும் உடன் இருந்தாள். டாக்டர் அவளிடமும், காலை ஊனியிருக்காங்க, டூவீலர் பழக்கம் என்று பழைய பாட்டைப் பாடினார். மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா டூவீலரே தொட்டதில்லையே டாக்டர். அம்மாதான் மொபெட்டுல ஊர் ஊராப் போவாங்க" என்றாள். "தாகமா இருக்கு, தண்ணி குடு" என்றேன்.

இன்றைக்கு அவள் வீட்டில் தங்கல். அழகான வீடுதான். எல்லாம் கண்ணாடியும் வழவழப்பும். அவர் வந்ததும் சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம். டீ வேண்டுமா, வேண்டாம். எனக்குத் தெரியும், குடித்தால் எழுந்து போக வேண்டி வரும். சாயங்காலம் மங்கை கடைக்குப் போனதும், "சம்பூ, பாத்ரூம் எந்தப் பக்கம்" என்றார் மெதுவாக. வாக்கரைப் பிடித்து நான் முன்னால் போக, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். முதல் நாளாகக் காலை ஊனுகிறேன், உயிர் போகிற வலி. இருந்தாலும் அவர் சுவரில் இடிக்காமல் போய் வந்தார்.

மங்கை சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "பாத்தியாம்மா, இப்பத்தான் அப்பாவுக்கு உறைக்குது. குத்த உணர்ச்சில பேசவே மாட்டேங்கறார்."

டிசம்பர் 23, திங்கள்

சொந்த வீட்டில் அவர் கலகலப்பாக இருக்கிறார். காவேரியோடு மழையைப் பற்றி வாதம் பண்ணுகிறார். எனக்கு மட்டும் நாள் எண்ணுவதே வேலை. பொங்கல் நெருங்குகிறது.

ஜனவரி 1, புதன்

புது டைரியும் வந்துவிட்டது. பழையதில் முன்பக்கம் வெள்ளை, இதில் பின்பக்கம் வெள்ளை. மங்கை வண்டியைப் பழுது பார்க்க ஆள் அனுப்பினாள். கொல்லிமலையில் பண்ணை விடுதி வைத்திருக்கும் ஒருவர் சனிக்கிழமை பார்க்க வருகிறாராம்.

ஜனவரி 4, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

காலையில் அந்தக் கொல்லிமலைக்காரர் வந்தார். சுப்புராயன் என்று பேர், நல்ல மனுஷன். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், டயரை அழுத்திப் பார்த்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுனா பரவால்ல" என்றார். மங்கை, "அப்பா ஓட்டிக் காட்டுவாரு. இதையாச்சும் உருப்படியாச் செய்யுங்கப்பா" என்றாள்.

மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டார். நான் வாக்கரைப் பிடித்து வாசலுக்கு வருவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வாசலிலிருந்து பலாமரம் வரை நேர்பாதை. அது அவருக்கு மனப்பாடம். போனார். பலாமரத்தைச் சுற்றித் திரும்பினார். சுப்புராயன் தலையை ஆட்டினார். அதுவரை சரி. ஆனால் வழக்கமாக வெறுமனே கிடக்கிற வாசலோரத்தில் மங்கையின் கார் நின்றது. நேராக எதிரே இருந்ததால் காரைப் பார்த்துவிட்டார். பார்த்து, வலது பக்கம் களத்தை நோக்கி வளைத்தார். களத்தில் காப்பி பரப்பியிருந்தது. காவேரி முதுகைக் காட்டிக் குனிந்து பலகையால் கிளறிக்கொண்டிருந்தாள். எந்திரச் சத்தம் கேட்டுத்தான் இருக்கும். ஐயா ஓட்டுகிறார், ஒதுங்கிப் போவார் என்று இருந்துவிட்டாள் போல.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். வாக்கரை விட்டுவிட்டுக் கத்தினேன். "அப்படியே நிறுத்துங்க."

என் குரலுக்கு அவர் நிறுத்திப் பழக்கம். நிறுத்திவிட்டார். முன்சக்கரம் காப்பிக் கொட்டை மேல் ஏறி நின்றது. காவேரி திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் வண்டி அவள் இடுப்பில் இருந்திருக்கும்.

மங்கை பாய்ந்தாள். "என்னப்பா இது, ஆளு இருக்கறது தெரியலையா? இன்னும் ஒரு கால் போகணுமா?"

"தெரியுது. சும்மா காட்டுனேன்" என்றார். மறுபடியும் கையை முறுக்கப் போனார். காவேரி இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மங்கை, சாவியப் புடுங்கு. அவருக்குத் தெரியல. பக்கத்துல இருக்கற எதுவும் அவருக்குத் தெரியாது. ரெண்டு வருசமாத் தெரியாது. அன்னைக்கு வண்டி ஓட்டுனது நான். பலாமரத்தத் தாண்டினா எப்பவும் நான்தான்."

"சம்பூர்ணம், வாய மூடு" என்றார். முழுப்பேர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிறது.

மங்கை சாவியைத் திருகி எடுத்தாள். சுப்புராயன் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். இவர் ஹேண்டில்பார் மேல் இரண்டு கையையும் வைத்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. கடைசியில் காவேரிதான் போய், "ஐயா, காப்பிய நகத்தணும், கொஞ்சம் எறங்குங்க" என்றாள். அதற்கு இறங்கினார்.

ஜனவரி 5, ஞாயிறு

அவர் என்னோடு பேசவில்லை. மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜீப்பில் போகும்போது பாதையோரம் நின்ற மாட்டை உரசிவிட்டார். பார்க்கவில்லை என்றார். நான் சோதித்தேன். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் விரலை ஆட்டினேன். தெரியவில்லை. எதிரே இருப்பது தெரியும், பேப்பர்கூடப் படிப்பார், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பின மாதிரி இருட்டு. அவர் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. டாக்டரிடம் வாங்க என்று கெஞ்சினேன். "போனா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். அப்புறம் கயிறுதான்" என்றார். நான் நர்ஸ், தெரிந்தவள், இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை.

கிளட்ச் போய்விட்டது என்று சொல்லி ஜீப்பை விற்றார். நடந்து தோட்டம் சுற்ற அவரால் முடியவில்லை, பள்ளம் எங்கே என்று தெரியாமல் விழுந்து விழுந்து எழுந்தார். அப்போதுதான் இந்த வண்டி விலைக்கு வந்தது. ரோட்டுக்குப் போகத் தேவையில்லை, தோட்டத்துக்குள்ளேயே ஓடும். மொபெட் ஓட்டின கை, எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வாசலிலிருந்து பலாமரம் வரை அவர் ஓட்டுவார். பலாமரத்தடியில் இடம் மாறிக்கொள்வோம். நான் முன்னால், அவர் பின்னால். திரும்பி வரும்போது அதே பலாமரத்தடியில் மறுபடி மாறிக்கொள்வோம். வேலையாட்கள் கண்ணுக்கு எப்போதும் ஐயாதான் ஓட்டுகிறார்.

அந்த வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஆள் மறுபக்கம் சாய வேண்டும். அவருக்குப் பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாது என்பதால் நான் ஓட்டிக்கொண்டே சொல்வேன். "வலதுங்க" என்றால் வலது பக்கம் சாய்வார், "இடதுங்க" என்றால் இடது பக்கம். அன்றைக்கு மேல்பாதையில் எங்களுக்குள் வாய்ச்சண்டை. சில்வர் ஓக் மரத்தின் கிளைகளைக் கழித்துக் கவாத்து பண்ணுவது இப்போதா, மார்ச்சிலா என்று. பேச்சு மும்முரத்தில் நான் சொல்ல மறந்தேன். இடது பக்கம் பள்ளம். வண்டி சரிந்தது. அவர் பாரமும் இடது பக்கமே வந்து என் முதுகில் அழுத்தியது. பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டார்; இதை மட்டும் மங்கையிடம் சொல்லவில்லை. நான் காலை ஊனினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் "நான்தான்" என்று சொன்னபோது எனக்கு வலியில் மறுத்துப் பேசத் தெம்பில்லை. வார்டுக்கு வந்ததும் காதோடு சொன்னார்: "திமிர் புடிச்ச கெழவன்னு பேசிட்டுப் போகட்டும். கண்ணு தெரியாதவன்னு பேச வேணாம்." நானும் ஒத்துக்கொண்டேன். இந்த வீட்டை விட்டுக் கொண்டுபோனால் அவர் நிஜமாகவே கண் தெரியாதவர் ஆகிவிடுவார் என்று எனக்கும் பயம்.

மங்கை முழுவதும் கேட்டாள். எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கவனிக்கவில்லை. அவள் எழுந்து எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா வாய்க்கு வந்தபடி திட்டுனேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதாப்பா?"

"நல்லாத்தான் திட்டுன. உங்கம்மா மாதிரியே" என்றார்.

அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் பேச்சில்லை. காப்பி மட்டும் சரியாக வருகிறது.

ஜனவரி 10, வெள்ளி

சேலத்தில் கண் ஆஸ்பத்திரி. மங்கை எங்கள் இருவரையும் கூட்டிப் போனாள். நான் நினைத்ததுதான், கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், ஒரு நாள் தவறக் கூடாது என்றார் அந்த அம்மா டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊரார் கண்ணையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்.

திரும்பி வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே மங்கை கேட்டாள்: "அன்னைக்கு எங்க வீட்டுல சோபாவ விட்டு எந்திரிக்காம உக்காந்திருந்தீங்களே, இதுக்குத்தானாப்பா?"

"சோபா நல்லா இருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஹாலுக்குப் போனாள். போன வாரம் மறுபடியும் நகர்த்தி வைத்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டாள். "இங்கயே இருங்க ரெண்டு பேரும். எதையும் நகத்த மாட்டேன். மருந்து தீர்றதுக்குள்ள நான் வாங்கிட்டு வந்துடுவேன். வண்டி மட்டும் வேண்டாம்" என்றாள்.

"கயிறு?" என்றார் அவர்.

"கயிறும் வேண்டாம்ப்பா."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சுப்புராயன் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். தவக்களை போயிருச்சே என்று காவேரிக்குத்தான் வருத்தம். அவர் வாசலுக்கு வரவில்லை. சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் குறைவு என்று என்னிடம் சொன்னார். பத்து நாளைக்கப்புறம் என்னோடு பேசிய முதல் பேச்சு. குறைவுதான், ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மங்கை மத்தியானமே கிளம்பிவிட்டாள். நான் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருக்கிறேன். இருவரும் பலாமரம் வரைக்கும் நடந்தோம். நான் நொண்டிக்கொண்டு, "கல்லு இருக்குங்க, வலதுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். மரத்தடியில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "சம்பூ, ஒன்னு கேக்கணும். நெசத்தச் சொல்லு" என்றார்.

"கேளுங்க."

"அன்னைக்கு நீ எந்தப் பக்கம்னு சொல்லல. நான் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சேன். எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல. ரெண்டு மாசமா யோசிக்கிறேன். அவ வையறப்பல்லாம், வாங்கிக்க வேண்டியவன் நான்தான்னுதான் வாங்கிட்டு இருந்தேன்." என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நான் பள்ளத்துப் பக்கம் சாஞ்சுதான் உன் கால் போச்சா?"

இவ்வளவு நாளும் நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், அவர் தன் மானத்தைக் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே இதை வைத்துக்கொண்டு எனக்கு பெட்பேன் எடுத்திருக்கிறார், தலை பின்னியிருக்கிறார்.

"மேட்டுப் பக்கந்தான் சாஞ்சீங்க" என்றேன்.

"நெசமாவா? நீ சொல்லவே இல்லையே, எப்படிச் சாஞ்சேன்?"

"தெனமும் போற பாதை. உடம்புக்குத் தெரியாதா? நான்தான் காலை ஊனிட்டேன். மொபெட் புத்தி. டாக்டரே சொன்னாரில்ல."

அவர் கையால் தடவி என் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அவ வஞ்சதெல்லாம் தெண்டமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

இருட்டும் முன் வீட்டுக்கு வந்தோம். நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடாதீங்க என்றேன், மூடாமல் காட்டினார். இந்தப் பக்கத்தையும் ஐந்தாம் தேதிப் பக்கத்தையும் மங்கை படிப்பாள். படித்தால் அவரிடம் சொல்லாதே மங்கை.

மருந்து: விட்டேன். வலி: உண்டு.